வட்டி குட்டி போடும் கணக்கு



குடும்ப வரவு செலவு பற்றிய இந்தப் பேச்சு வரிசையில் இன்று கூட்டு வட்டியைப் பற்றிப் பேசலாம் என்று முன்பே எண்ணியிருந்தேன். அதற்குள் பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தாயாரின் கடிதம் வந்து சேர்ந்தது. அதைப் படித்த பிறகு, வெறும் கணக்குப் பாடமாக இதைச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. கடிதத்தின் சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

"ஐயா, என் வீட்டுக்காரர் முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் உழைத்தவர். போன மாதம் அவருக்கு 55 வயது நிறைந்தது. சேமநிதியில் நாற்பதாயிரம் வெள்ளி இருக்கிறது. கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன், 'அங்கே கிடந்தால் வருடத்துக்கு நூற்றுக்கு ஐந்தோ ஆறோதான். கிரிப்டோவில் போட்டால் நாளுக்கு நூற்றுக்கு ஒன்று' என்கிறான். அவன் போட்ட ஐந்நூறு வெள்ளி ஒரு மாதம் சொச்சத்தில் எழுநூறு ஆகிவிட்டதாம். அதில் இருநூறை வெளியே எடுத்து என் கையிலேயே கொடுத்தான். வீட்டுக்காரர் பாதி மனசாக இருக்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எதைச் சொல்லி மறுப்பேன்?"

இதுதான் கடிதம். அந்தத் தாயாருக்குத் தேவைப்படுவது பெரிய படிப்பு அல்ல. ஒரு தாளும் பென்சிலும் போதும். உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அருகில் அழைத்து உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் எண்களை அது எழுதிக்கொள்ளட்டும்.

முதலில் சாதாரண வட்டி. ஆயிரம் வெள்ளியை வருடத்துக்கு நூற்றுக்கு ஆறு என்று போடுகிறோம். வருட முடிவில் வட்டி 60 வெள்ளி. அந்த அறுபதை எடுத்துச் செலவழித்துவிட்டால் அடுத்த வருடமும் 60, அதற்கடுத்த வருடமும் 60. பன்னிரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 720 வெள்ளி. முதலும் சேர்த்து 1,720.

இப்போது அந்த அறுபதை எடுக்காமல் அங்கேயே விட்டுவிடுங்கள். இரண்டாம் வருடம் வட்டி கணக்கிடப்படுவது ஆயிரத்துக்கு அல்ல, 1,060 வெள்ளிக்கு. ஆகவே வட்டி 63 வெள்ளி 60 காசு. மொத்தம் 1,123.60. மூன்றாம் வருடம் அந்த மொத்தத்துக்கு வட்டி. 1,191 வெள்ளி ஆகிறது. முதல் குட்டி போட்டது. அந்தக் குட்டியும் வளர்ந்து குட்டி போடுகிறது. இதுதான் கூட்டு வட்டி. பன்னிரண்டாம் வருட முடிவில் பார்த்தால் 2,012 வெள்ளி. எடுத்துச் செலவழித்தவருக்கு 1,720. விட்டு வைத்தவருக்கு 2,012.

"இதற்குத்தானா இவ்வளவு பேச்சு? பன்னிரண்டு வருடம் பொறுத்து வெறும் 292 வெள்ளி அதிகமா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நீங்கள் பால்மரத்தோடு வாழ்ந்தவர்கள், ஆகையால் பதிலும் உங்களிடமே இருக்கிறது. கன்று நட்டவுடன் யாராவது மங்கு கட்டுவார்களா? ஐந்தாறு வருடம் அந்த மரத்தில் கத்தி வைக்க முடியாது. அது வரைக்கும் களை எடுப்பதும் உரம் போடுவதும் செலவுதான், வரவு ஒரு சொட்டும் கிடையாது. கூட்டு வட்டியும் அப்படியே. அதே ஆயிரம் வெள்ளி 24 வருடத்தில் 4,048 ஆகிறது. 36 வருடத்தில் 8,147 ஆகிறது. வட்டியை வருடா வருடம் எடுத்தவருக்கு அதே 36 வருடத்தில் கிடைத்திருப்பது, முதலும் சேர்த்து, 3,160 தான். முதல் பன்னிரண்டு வருடத்தில் கூடியது ஆயிரம். கடைசிப் பன்னிரண்டு வருடத்தில் மட்டும் கூடியது நாலாயிரத்துக்கு மேல்.

இதை மனக்கணக்காகவே போட ஒரு வழி உண்டு. 72 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். அதை வட்டி வீதத்தால் வகுத்தால், பணம் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். நூற்றுக்கு ஆறு என்றால் 72-ஐ 6-ஆல் வகுக்க, 12 வருடம். நூற்றுக்கு நான்கு என்றால் 18 வருடம். நூற்றுக்கு மூன்று என்றால் 24 வருடம். விலைவாசிக்கும் இதே கணக்குதான். சாமான் விலை வருடத்துக்கு நூற்றுக்கு மூன்று ஏறினால், இன்று பத்து வெள்ளிக்கு வாங்கும் சாமான் 24 வருடத்தில் இருபது வெள்ளி. ஆகவே பணத்தை அரிசிப் பானைக்குள் வைப்பது பத்திரம் என்று எண்ணாதீர்கள். எலி கடிக்காவிட்டாலும் விலைவாசி கடித்துக்கொண்டே இருக்கும்.

சேமிப்பில் தொகையைவிடக் காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். இளம் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். ஓர் அக்காளும் தம்பியும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்காள் தன் இருபதாம் வயதில் தொடங்கி வருடத்துக்கு 600 வெள்ளி, அதாவது மாதம் 50 வெள்ளி வீதம், பத்து வருடம் சேமிக்கிறாள். முப்பதாம் வயதில் கல்யாணம், குழந்தை என்று செலவு வந்து நிறுத்திவிடுகிறாள். அதற்குமேல் ஒரு காசும் போடவில்லை, எடுக்கவுமில்லை. தம்பி முப்பது வயது வரை சினிமா, மோட்டார் சைக்கிள் என்று இருந்துவிட்டு, அப்புறம் புத்தி வந்து அதே 600 வெள்ளியை இருபது வருடம் விடாமல் போடுகிறான். இருவருக்கும் வீதம் நூற்றுக்கு ஐந்து. அவரவர் ஐம்பதாம் வயதில் யாரிடம் அதிகம் இருக்கும்?

அக்காள் போட்டது 6,000. தம்பி போட்டது 12,000. அக்காளின் கணக்கில் 20,023 வெள்ளி. தம்பியின் கணக்கில் 19,839 வெள்ளி. பாதிப் பணம் போட்ட அக்காளே ஒரு படி மேலே நிற்கிறாள். அவள் சாமர்த்தியசாலி என்பதால் அல்ல; பத்து வருடம் முந்திக்கொண்டாள், பிறகு கையை வைக்கவில்லை. அவ்வளவுதான்.

இனி, அந்தத் தாயாரின் கடிதத்தில் வரும் சேமநிதிக்கு வருவோம். ஊழியர் சேமநிதி நம் நாட்டில் 1951-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்கும் தொழிலாளிக்கு, அவர் பங்காக நூற்றுக்கு 11, அதாவது 187 வெள்ளியும், முதலாளி பங்காக நூற்றுக்கு 13, அதாவது 221 வெள்ளியும் அதில் சேர்கின்றன. ஆக மாதம் 408 வெள்ளி. சம்பளச் சீட்டில் "பிடித்துவிட்டான்" என்று நாம் முணுமுணுக்கும் தொகையைவிட, நம் கண்ணில் படாமல் முதலாளி போடும் தொகை பெரிது. பிடித்த பணத்தைச் சரியாகக் கட்டுகிறார்களா என்று அவ்வப்போது கணக்கு அறிக்கையைப் பார்ப்பதும் நம் வேலைதான்.

சேமநிதி கொடுப்பது நிலையான வட்டி அல்ல, லாப ஈவு. வருடத்துக்கு வருடம் ஏறும், இறங்கும். 1983 முதல் 1987 வரை நூற்றுக்கு 8.50 கொடுத்தார்கள். 2002-இல் 4.25 ஆக இறங்கியது. அண்மைய ஆண்டுகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: 2020-இல் 5.20, 2021-இல் 6.10, 2022-இல் 5.35, 2023-இல் 5.50, 2024-இல் 6.30. சட்டப்படி பழைய வழக்கமான கணக்குக்கு 2.50-க்குக் குறையக் கூடாது. 2020 தொடக்கத்தில் ஆயிரம் வெள்ளி வைத்திருந்து தொடாமல் இருந்தவருக்கு 2024 முடிவில் 1,318 வெள்ளி 72 காசு ஆகியிருக்கும். ஐந்து வீதங்களையும் வெறுமனே கூட்டினால் 1,284 வெள்ளி 50 காசுதான் வரும். மீதி 34 வெள்ளியும் சில்லறையும் குட்டி போட்ட குட்டி.

நோய்த்தொற்றுக் காலத்தில் 2020 முதல் 2022 வரை சேமநிதியிலிருந்து பணம் எடுக்க அனுமதித்தார்கள். அடுப்பு எரியாத வீட்டில் எடுத்தவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவசரம் இல்லாமலே, எல்லாரும் எடுக்கிறார்கள் என்று எடுத்துத் தொலைக்காட்சிப் பெட்டி மாற்றியவர்களும் உண்டு. 35 வயதில் எடுத்த பத்தாயிரம், நூற்றுக்கு ஐந்தரை வீதத்தில், 55 வயதில் 29,178 வெள்ளியாக இருந்திருக்கும். அந்தப் பெட்டியின் உண்மையான விலை அதுதான்.

சரி, கிரிப்டோவுக்கு வருவோம். இந்தச் சொல்லைக் கேட்டவுடன் பெரியவர்கள் மிரள வேண்டாம். கணினிகளின் வழியே கணக்கு வைத்துக் கைமாற்றப்படும் ஒரு வகை நாணயம் அது. பிட்காயின், ஈத்தர் என்று பல பெயர்கள். பேங்க் நெகாரா வெளியிடும் வெள்ளியைப் போல அது சட்டப்படி செல்லும் பணமல்ல. அதை வாங்கலாம், விற்கலாம். நம் நாட்டில் 2019 ஜனவரி 15 முதல் அது பங்குப் பத்திர ஆணையத்தின் விதிகளுக்குள் வந்துவிட்டது. ஆணையத்தில் பதிவு செய்த சந்தை நிறுவனங்கள் மட்டுமே இங்கே அந்த வியாபாரம் செய்யலாம். இதில் மர்மமோ மாயமோ எதுவும் இல்லை.

ஆனால் மகன் சொல்வது வாங்கி விற்பதைப் பற்றி அல்ல. அந்த நாணயத்தை ஓரிடத்தில் "வைப்புத்தொகை" போல வைத்தால் வட்டி வரும் என்கிறார். இந்த விளம்பரங்களில் ஏ.பி.ஆர்., ஏ.பி.ஒய். என்று இரண்டு எழுத்துக்கூட்டம் வரும். முதலாவது, வட்டிக்கு வட்டி சேர்க்காத வருட வீதம். இரண்டாவது, வட்டிக்கு வட்டியும் சேர்த்தால் வருட முடிவில் மொத்தம் எவ்வளவு கூடும் என்பது. வருடத்துக்கு 12 என்பதை வருடத்தில் ஒரே தடவை கணக்கிட்டால் ஆயிரம் 1,120 ஆகும். மாதம் ஒன்று வீதம் கணக்கிட்டுச் சேர்த்தால் 1,126 வெள்ளி 83 காசு. நாள்தோறும் கணக்கிட்டாலும் 1,127 வெள்ளி 47 காசுதான். மாதத்துக்கும் நாளுக்கும் இடையே அறுபத்து நான்கு காசு வித்தியாசம். "எங்களிடம் நாள்தோறும் கூட்டு வட்டி" என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர் அந்த அறுபத்து நான்கு காசைத்தான் பெரிதாகக் காட்டுகிறார். பார்க்க வேண்டியது எத்தனை தடவை கூட்டுகிறார்கள் என்பதை அல்ல. வீதம் எவ்வளவு, அது எதிலிருந்து வருகிறது, எந்தப் பணமாகத் திரும்பி வருகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

எந்தப் பணமாக என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வட்டி வெள்ளியில் வருவதில்லை, அந்த நாணயத்தில்தான் வருகிறது. நாணயம் ஒன்று 50 வெள்ளி விலையில் நூறு நாணயம் வாங்கினீர்கள். போட்டது 5,000 வெள்ளி. நூற்றுக்கு 12 என்று சொன்னபடியே கொடுத்தார்கள். வருட முடிவில் 112 நாணயம் இருக்கிறது. பொய்யில்லை. ஆனால் விலை 25 வெள்ளிக்கு இறங்கிவிட்டது. கையில் 2,800 வெள்ளி. இதைப் பால் வெட்டியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒட்டுப்பாலும் சேர்த்து எடை எவ்வளவு கூடினாலும், ரப்பர் விலை விழுந்த மாதம் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்கள் நீங்கள். பிட்காயின் 2021 நவம்பரில் சுமார் 69,000 அமெரிக்க டாலர் விற்றது. அடுத்த ஆண்டு அதே நவம்பரில் 16,000-க்கும் கீழே போனது. பிறகு ஏறியதும் உண்மை. ஆனால் 55 வயதில் ஓய்வு பெற்றவருக்கு மருந்துச் செலவு, விலை ஏறும் வரை காத்திருக்குமா?

அடுத்து, வட்டி எதிலிருந்து வருகிறது? பேங்க்கில் போட்டால் அது வீட்டுக் கடனாகவும் கார் கடனாகவும் போகிறது. கடன் வாங்கியவர் கட்டும் வட்டியில் ஒரு பங்கு நமக்கு. சேமநிதி அரசாங்கப் பத்திரங்களிலும் பங்குகளிலும் கட்டடங்களிலும் போட்டுச் சம்பாதிக்கிறது. நம் மக்களுக்கு இது புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் சிறு சிறு தவணைகளாகப் போட்ட பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம். ஈவு எங்கிருந்து வருகிறது என்று கேட்ட உறுப்பினருக்கு மரத்தைக் கையால் தொட்டுக் காட்ட முடிந்தது.

கிரிப்டோவிலும் உண்மையான வருமானம் உண்டு. ஈத்தர் நாணயத்தின் கணக்கைச் சரிபார்க்கும் வேலைக்காகத் தங்கள் நாணயத்தைப் பிணையாக வைப்பவர்களுக்கு அந்த வலையமைப்பே ஊதியம் கொடுக்கிறது. அது வருடத்துக்கு நூற்றுக்கு மூன்று, நான்கு என்ற அளவில்தான் இருந்து வருகிறது. நாளுக்கு அல்ல, வருடத்துக்கு. அந்த ஊதியமும் ஈத்தராகவே வரும், வெள்ளியாக அல்ல.

இதைவிட அதிகம் தருகிறோம் என்று முன்வந்த பெரிய நிறுவனங்களுக்கு என்ன நேர்ந்தது? அமெரிக்காவில் செல்சியஸ் என்ற நிறுவனம் சில நாணயங்களுக்கு வருடத்துக்கு நூற்றுக்கு 17 வரை கூடத் தருவதாக விளம்பரம் செய்தது. 2022 ஜூன் 12-ஆம் தேதி, ஓர் அறிவிப்போடு, பணத்தை யாரும் எடுக்க முடியாதபடி வாசலை அடைத்தது. ஒரு மாதத்தில் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே 2023 ஜனவரியில் வந்த தீர்ப்புதான் நாம் மறக்கக் கூடாதது. வட்டி தரும் கணக்கில் மக்கள் போட்ட நாணயம் இனி மக்களுடையது அல்ல, நிறுவனத்தின் சொத்து. போட்டவர்கள் வெறும் கடன்காரர்களின் வரிசையில் நிற்க வேண்டியவர்கள் என்று நீதிபதி சொன்னார். ஏனென்றால் எல்லாரும் படிக்காமல் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் அப்படித்தான் எழுதியிருந்தது. சுமார் ஆறு லட்சம் கணக்குகள், நாலு பில்லியன் டாலருக்கு மேற்பட்ட மதிப்பு. "வைப்புத்தொகை" என்று நினைத்துப் போட்டார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் கொடுத்தது கைமாற்றுக் கடன். அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2025 மே மாதம் பன்னிரண்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

நமக்கு இன்னும் அருகில் சிங்கப்பூரைப் பாருங்கள். அமெரிக்க டாலருக்குச் சமமாக என்றும் நிற்கும் என்று சொல்லப்பட்ட டெர்ரா யு.எஸ்.டி. என்ற நாணயத்தை, ஆங்கர் என்ற திட்டத்தில் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 20 கிடைத்தது. கடன் வாங்கியவர்கள் கட்டியது அந்த அளவுக்கு இல்லை. குறைந்ததை ஒரு கையிருப்பிலிருந்து ஈடுகட்டினார்கள். கையிருப்பு கரைந்தது, 2022 பிப்ரவரியில் 450 மில்லியன் டாலர் மதிப்புக்கு மறுபடி நிரப்பினார்கள். மே மாதத்தில் எல்லாமே சரிந்தது. ஒரு டாலர் நாணயம் சில காசாயிற்று. சிங்கப்பூரில் ஹோட்ல்நாட் என்ற நிறுவனம் மக்களிடம் வாங்கிய நாணயத்தில் ஒரு பகுதியை அங்கேதான் போட்டிருந்தது. ஆகஸ்டு 8-ஆம் தேதி அதுவும் கதவை மூடியது. இதற்குப் பிறகுதான், 2023 ஜூலையில், சாதாரண மக்களின் நாணயத்தை வாங்கிக் கடன் கொடுத்து வட்டி தரும் ஏற்பாட்டுக்கு இடம் கொடுக்கப் போவதில்லை என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் அறிவித்தது.

இவை முகவரியும் அலுவலகமும் உள்ள நிறுவனங்கள். இவர்கள் வாக்களித்ததே வருடத்துக்கு 17, 20 தான். இப்போது மகன் சொல்லும் நாளுக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். பென்சிலைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள்.

நாளுக்கு நூற்றுக்கு ஒன்று, வட்டிக்கு வட்டியோடு என்றால், ஒரு வருடத்தில் பணம் 37 மடங்குக்கு மேல் ஆக வேண்டும். நாற்பதாயிரம் வெள்ளி, ஒரு வருடத்தில் 15 லட்சத்து 11 ஆயிரம். இரண்டாம் வருட முடிவில் 5 கோடியே 71 லட்சம். மூன்றாம் வருட முடிவில் 215 கோடி. ஐந்தாம் வருட முடிவில் மூன்று டிரில்லியன் வெள்ளிக்கு மேல். நம் நாட்டுத் தொழிலாளர்கள் அத்தனை பேரின் பணமும் சேர்ந்த ஊழியர் சேமநிதியின் மொத்தச் சொத்தே 2024 முடிவில் சுமார் 1.25 டிரில்லியன் வெள்ளிதான். அதாவது ஒரு லயத்து வீட்டின் பணம் ஐந்தே வருடத்தில் சேமநிதியை இரண்டு தடவை விலைக்கு வாங்கிவிடும். அப்படிச் சம்பாதிக்கத் தெரிந்தவர், உங்கள் நாற்பதாயிரத்தை எதற்காகக் கேட்கிறார்? அவரிடமே ஓர் ஆயிரம் இருந்தால் போதுமே!

அம்மா, நீங்கள் நாலாம் வகுப்போடு நின்றதாக எழுதினீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்க அதுவே தாராளம்.

"ஆனால் இருநூறு வெள்ளி கையில் வந்ததே?" வரும். நிச்சயமாக வரும். 1980-களின் இறுதியில் தைப்பிங் வட்டாரத்தில் பாக் மான் தெலோ என்ற திட்டம் நடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மாதம் நூற்றுக்குப் பத்து என்றார்கள். முதலில் போட்டவர்களுக்கு மாதா மாதம் வந்தது. அதைப் பார்த்து அடுத்த வீட்டார் போட்டார்கள். அந்த அடுத்த வீட்டாரின் பணம்தான் முந்தியவர்களுக்கு வட்டியாகப் போனது. புதிதாக வருகிறவர் குறைந்தால் இப்படிப்பட்ட திட்டம் நிற்க முடியாது. அன்று நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள், இன்று கைப்பேசித் திரையில் எண் ஓடுகிறது. திரையில் ஓடும் எண்ணை யார் வேண்டுமானாலும் ஓட விடலாம். தூண்டிலில் மாட்டும் புழு உண்மையான புழுதான். மீன் அதைத் தின்பதும் உண்மைதான்.

மகனை நீங்கள் திட்ட வேண்டாம். அவர் தகப்பனாரை ஏமாற்ற வரவில்லை. முப்பது வருடம் உழைத்தவரின் கையில் நாற்பதாயிரம்தானா என்ற ஆற்றாமை அவருக்கு இருக்கிறது. அது நியாயமான ஆற்றாமை. எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் குறையை நிரப்ப அவர் பிடித்திருக்கும் கயிறு நைந்த கயிறு.

அந்தத் தாயாருக்கு நான் எழுதிய பதிலையும் இங்கே சொல்கிறேன். வேறு வீடுகளிலும் இதே பேச்சு நடக்கக்கூடும். 55 வயது ஆனவுடன் சேமநிதிப் பணம் முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அங்கேயே விட்டு வைக்கலாம். 100 வயது வரை லாப ஈவு உண்டு. தேவைப்படும்போது ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாம். நூற்றுக்கு ஐந்தரை வீதம் என்று வைத்தாலும் நாற்பதாயிரத்துக்கு வருடத்தில் 2,200 வெள்ளி, மாதத்துக்குப் பார்த்தால் 183 வெள்ளி, முதலைத் தொடாமலே. அதையும் எடுக்காமல் விட்டால் பதின்மூன்று வருடத்தில், அவருக்கு 68 வயதாகும்போது, எண்பதாயிரம். பேங்க்கில் வைக்க விரும்பினால், ஒரு பேங்க்கில் ஒருவர் பேரில் 250,000 வெள்ளி வரை மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தின் பாதுகாப்பு உண்டு. அந்தக் கழகத்தில் அந்த பேங்க் உறுப்பினரா என்று முகப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கிரிப்டோ நாணயத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மகனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். திரையில் மீதியாகத் தெரியும் ஐந்நூறையும் இன்றே முழுவதுமாக வெளியே எடுத்துப் பார்க்கட்டும். "முதலில் வரி கட்டு", "கணக்கைத் திறக்க இன்னும் முந்நூறு போடு", "இரண்டு பேரைச் சேர்த்து விடு" என்று பதில் வந்தால், அதற்குமேல் ஒரு காசும் போடாமல் அந்த ஐந்நூறைப் பள்ளிக்கூடக் கட்டணம் என்று தலைமுழுகிவிடட்டும். அந்தச் செயலியின் பெயர் பங்குப் பத்திர ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பட்டியலில் இல்லை என்பதால் நல்லது என்று ஆகிவிடாது. பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் இருக்கிறதா என்பதே முக்கியம். பேங்க் கணக்கிலிருந்து யாருக்காவது பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால், நாளை பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே 997 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

கிரிப்டோவே வேண்டாம் என்று அவர் கையைக் கட்ட நான் சொல்லவில்லை. இளைஞர், சம்பாதிக்கிறார். பதிவு பெற்ற சந்தையில், தம் சொந்தச் சம்பளத்தில், தொலைந்தாலும் அடுத்த மாத வாடகைக்குக் கை நீட்ட வேண்டியிராத ஒரு சிறு தொகையில் வாங்கிப் பார்க்கட்டும். அப்பாவின் பணம் வேறு. அது சம்பாதிக்கும் வயது முடிந்த பிறகு திரும்பச் சம்பாதிக்க முடியாத பணம்.

இன்று வட்டி நமக்காக வேலை செய்யும் கணக்கைப் பார்த்தோம். அதே வட்டி நமக்கு எதிராக வேலை செய்தால் எப்படியிருக்கும் என்பதைக் கடன் பற்றிய அடுத்த வாரப் பேச்சில் பார்ப்போம். அதற்குள் பிள்ளைகள் ஒரு கணக்கைப் போட்டு வையுங்கள்: வட்டிக்காரரிடம் மாதம் நூற்றுக்குப் பத்து என்று 500 வெள்ளி வாங்கி, பன்னிரண்டு மாதம் ஒன்றும் கட்டாமல் வட்டிக்கு வட்டி ஏறினால், கடன் எவ்வளவு? விடையை அடுத்த வாரம் சொல்கிறேன்.